ஓய்வுகாலக் குடியிருப்பில் பொழுதும் பழக்கமும்: திருகோணமலைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிலாவெளி வீதியை ஒட்டிய ஓர் ஓய்வுகாலக் குடியிருப்பில் ஒன்றுகூடல்களையும் பொழுதுபோக்குகளையும் ஒழுங்குசெய்யும் பொறுப்பில் இருக்கிறேன். தாயையோ தகப்பனையோ இங்கே சேர்க்கலாமா என்று பார்க்க வருகிற பிள்ளைகளும், தங்களுக்கென்று தாங்களே இடம் தேடி வருகிற பெரியவர்களும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அறை எவ்வளவு பெரிது, வைத்தியர் எப்போது வருவார் என்பவற்றுக்கு அலுவலகத்தில் விடை கிடைத்துவிடும். யாரோடு கதைப்பது, பொழுதை எப்படிக் கழிப்பது, மனம் பொருந்துமா என்ற கேள்விகளுக்குத்தான் எவரும் எழுத்தில் விடை தருவதில்லை. ஆகவே அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கு தொகுத்திருக்கிறேன்.

1. முதியோர் இல்லத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பெயரைத்தானே மாற்றியிருக்கிறீர்கள்?

முதியோர் இல்லம் என்று நாம் வழக்கத்தில் சொல்வது, பார்ப்பாரில்லாத முதியோருக்கும் அன்றாடப் பராமரிப்புத் தேவைப்படுவோருக்கும் உணவும் உறைவிடமும் தருகின்ற அறப்பணி நிலையங்களை. ஓய்வுகாலக் குடியிருப்பில் வசிப்பவர் தம் வேலைகளைப் பெரும்பாலும் தாமே பார்த்துக்கொள்ளக்கூடியவர். அவருக்குத் தனிச் சிறுவீடோ அறையோ இருக்கும். கதவின் திறப்பு அவர் கையில் இருக்கும். சாப்பாட்டுக் கூடம், விறாந்தை, தோட்டம், வழிபாட்டு அறை ஆகியவை எல்லோருக்கும் பொது.

இந்த அமைப்பு உலகெங்கும் பெயர் பெற்றதற்கு, 1960 ஜனவரி 1ஆம் திகதி அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் திறக்கப்பட்ட சன் சிற்றி ஒரு முக்கிய காரணம். ஓய்வு என்றால் ஒதுங்கியிருப்பது என்ற எண்ணத்தை மாற்றி, விளையாட்டும் கழகங்களும் நிறைந்த வாழ்க்கை என்று அது விளம்பரப்படுத்தப்பட்டது. பின்னர் அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளிலும், தமிழ்நாட்டில் குறிப்பாகக் கோயம்புத்தூரிலும் இத்தகைய குடியிருப்புகள் பெருகின. கட்டட அமைப்பை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். பொழுதை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. திருகோணமலையில் வளர்ந்தவருடைய நாள் திருகோணமலை நாளாகவே இருக்க வேண்டும்.

2. காலையில் எழும்பினால் இரவு படுக்கும்வரை அங்கே என்னதான் செய்வார்கள்?

ஐந்தரை மணியளவில் நடப்பவர்கள் நடக்கத் தொடங்குவார்கள். பூப்பறிப்பவர்கள் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் பறித்து வழிபாட்டு அறைக்குக் கொண்டுவருவார்கள். தேவாரம் பாடியபின் தேநீர். காலைச் சாப்பாடு முடிந்ததும் கதிரையில் அமர்ந்து செய்யும் உடற்பயிற்சியும், சமநிலைக்கான பயிற்சியும் நடக்கும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவும், அதில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நடையும் தோட்டமும் சேர்ந்தால் அந்த அளவை எட்டுவது கடினமன்று.

பத்து மணிக்குப் பிளேன்ரீயோடு விறாந்தையில் பத்திரிகை வாசிப்பு நடக்கும். கண் நன்றாகத் தெரிகிற ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். அரசியற் செய்திகளைப் பலர் பொறுமையாகக் கடந்துவிடுவார்கள், மரண அறிவித்தல் பக்கத்தில் தம்பலகாமம் என்றோ மூதூர் என்றோ ஓர் ஊர்ப்பெயர் வந்ததும், "ஆர், அந்தத் தபாற்கந்தோர்க்காரரின்ரை மகனோ?" என்று ஒருவர் கேட்க, வாசிப்பு நின்று, அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை வெளிவரும். புறத்தே பார்ப்பவருக்கு இது வெறும் வம்பாகத் தோன்றலாம். இந்த அரைமணி நேரத்தில்தான் முன்பின் தெரியாத இருவர் தாங்கள் ஒரே ஊரோடு உறவுள்ளவர்கள் என்று கண்டுகொள்கிறார்கள் என்பதால், எந்த நிகழ்ச்சி தள்ளிப்போனாலும் இதை நான் தள்ளிப்போட விடுவதில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் உறக்கம். பின்னேரம் நான்கு மணியிலிருந்து சீட்டு, கரம், தாயம், தோட்டவேலை, கடற்கரை நடை என்று அவரவர் விருப்பம். விளக்கு வைத்தபின் வழிபாடு, இரவுச் சாப்பாடு, தொலைக்காட்சி. ஒன்பது மணிக்குப் பெரும்பாலான கதவுகள் சாத்தப்பட்டுவிடும்.

3. எல்லாவற்றிலும் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டுமா?

இல்லை. விருப்பமில்லாதவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கைதட்ட வைப்பது அவரைச் சிறுபிள்ளையாக்கும் செயல். ஒருவர் தொடர்ந்து சில நாட்கள் சாப்பாட்டுக்கே வெளியில் வராவிட்டால் மட்டும் நாங்கள் போய் விசாரிப்போம்.

4. அம்மா ஆரோடையும் இலகுவில் பழக மாட்டா. இத்தனை பேருக்குள்ளே இன்னும் தனித்துப் போய்விட மாட்டாவா?

நியாயமான பயம். ஆட்கள் நிறைந்த இடத்திலும் தனிமை வரும். உலக சுகாதார நிறுவனத்தின் சமூகத் தொடர்பு பற்றிய ஆணைக்குழு 2025இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாகக் கூறுகிறது. அதைப் போக்குவதற்கு அருகில் ஆள் இருப்பது மட்டும் போதாது. தம்மை ஒருவர் எதிர்பார்க்கிறார் என்ற உணர்வு வேண்டும்.

அதனால் புதிதாக வருகிறவருக்கு நாங்கள் முதலில் நிகழ்ச்சி நிரலைக் கொடுப்பதில்லை. "வீட்டில் என்ன வேலை நீங்கள் செய்தால்தான் சரிவரும் என்று எல்லோரும் சொல்வார்கள்?" என்று கேட்போம். ஒரு தாயார் வந்த புதிதில் கதவைத் திறக்கவே மாட்டார். அவர் மோர்மிளகாய் போடுவதில் கைதேர்ந்தவர் என்று மகள் சொன்னார். மிளகாயைக் கீறி, உப்பு மோரில் ஊறவைத்து, பாயில் காயப்போட்டு, பின்னேரம் எடுத்து மறுபடி மோரில் போடுகிற வேலையை அவரிடம் ஒப்படைத்தோம். வெயில் ஏறும்போது பாயை நகர்த்தவும் காகத்தை விரட்டவும் அவர் வெளியில் வந்தாக வேண்டும். வந்தபோது பக்கத்துக் கதிரையில் இருந்தவர் உப்பின் அளவைப் பற்றி மாற்றுக்கருத்துச் சொன்னார். அந்த வாக்குவாதத்தில் தொடங்கிய பழக்கம் இன்றும் தொடர்கிறது.

முதல் மூன்று மாதம் எவருக்கும் கடினமானது என்பதை முன்கூட்டியே அறிந்துவைத்திருங்கள். கலகலப்பானவர்கள் வந்த உடனேயே நிறையப் பேரோடு பழகி, பிறகு களைத்துப் போவதும் உண்டு; அடக்கமானவர்கள் மெதுவாக ஒரேயொரு துணையைக் கண்டுகொண்டு அதிலே நிறைவடைவதும் உண்டு. ஒரு நல்ல பழக்கம் இருந்தாலே போதும்.

5. அப்பாவுக்குச் சீட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது. நாள்தோறும் 304 விளையாடுவது ஒரு சமூக வாழ்க்கையா?

ஆம், மனதார அப்படியே சொல்வேன். 32 சீட்டு, நான்கு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. நான்கு வகையிலும் கூட்டினால் 304. எந்தச் சீட்டு இறங்கிவிட்டது, எது இன்னும் கையில் நிற்கிறது என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். துரும்பைக் கவிழ்த்து வைத்தவரின் முகத்தைப் படிக்க வேண்டும். கூட்டாளியின் தவறைப் பொறுக்கவும் வேண்டும். நினைவு, கணக்கு, கவனம், உறவு நான்கும் ஒரு மேசையில் பழக்கப்படுகின்றன.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நான்காவது ஆள் வராவிட்டால் ஆட்டம் இல்லை. பின்னேரம் நான்கரைக்கு ஒரு கதிரை வெறுமையாக இருந்தால் மற்ற மூவரும் அவருடைய வாசலுக்கே போய்விடுகிறார்கள். மேலே 4ஆம் கேள்வியில் சொன்ன எதிர்பார்க்கப்படும் உணர்வு இதுதான். காசு வைத்து விளையாடுவதை மட்டும் நாங்கள் அனுமதிப்பதில்லை. ஓய்வூதியம் வருகிற கிழமையில் அது மனக்கசப்பில் முடியும்.

பெண்கள் சீட்டு விளையாடலாமா என்றும் சிலர் தயங்கிக் கேட்கிறார்கள். தாராளமாக விளையாடலாம். எங்கள் மேசைகளில் மிக நுட்பமாகத் துரும்பு கேட்பவர்களுள் இருவர் ஓய்வுபெற்ற ஆசிரியைகள்.

6. சைவர், கிறிஸ்தவர், முஸ்லிம் என்று எல்லோரும் இருக்கிற இடத்தில் கும்பிடுவதும் சாப்பிடுவதும் எப்படிச் சரிவரும்?

திருகோணமலை நகரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது புதிய கேள்வியன்று. நகரத்தில் பத்திரகாளி அம்மன் கோயில் மணியும், பேராலய மணியும், பள்ளிவாசல் பாங்கும் கேட்டு எழுந்தவர்கள்தான் இங்கே இருக்கிறார்கள். சைவ உணவுக்கு அடுப்பும் பாத்திரமும் தனியாக வேண்டும். முஸ்லிம்களுக்கான இறைச்சி ஹலால் ஆக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் மரக்கறிச் சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் வேலையும் குறையும், மனமும் நிறையும். இவை சமையலறை ஒழுங்குகள். எழுதி ஒட்டிவிட்டால் பிரச்சினை இல்லை.

கொண்டாட்டங்கள்தான் உண்மையான ஒன்றுகூடல்கள். ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும் செய்யும்போது பனங்கட்டி சீவவும் மா குழைக்கவும் எல்லோருக்கும் வேலை உண்டு. நோன்பு காலத்தில் பின்னேரம் நோன்புக் கஞ்சி வரும். நத்தாருக்குக் கேக் வரும். சிவராத்திரியை அடுத்து கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில், இரவுப் பயணம் இயலக்கூடியவர்களை வாகனத்தில் அழைத்துச் சென்று வீதியோரத்தில் கதிரை போட்டு இருத்துவோம். ஒக்ரோபர் 1ஆம் திகதி நம் நாட்டில் சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஒன்றாக வருவதால், அயலிலுள்ள பாடசாலைப் பிள்ளைகள் வருகிறார்கள். பிள்ளைகள் பாடிக் காட்டிவிட்டுப் போவதைவிட, பெரியவர்கள் அவர்களுக்குப் பட்டம் கட்டவும் பல்லாங்குழி விளையாடவும் சொல்லிக்கொடுப்பது இரு தரப்பையும் நெருக்கமாக்குகிறது என்பது என் உறுதியான கருத்து.

7. இந்த வெயிலிலும் மாரி மழையிலும் வெளியே கூட்டிக்கொண்டு போவது சாத்தியமா?

ஆண்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் சாத்தியம். வைகாசி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பின் வெளியே போகக்கூடாது. ஆனால் அப்போதுதான் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும் என்பதால் விடியற்காலைக் கடற்கரை நடைக்கு அதுவே ஏற்ற காலம். கார்த்திகை முதல் தை வரை வாடைக் காற்றும் மழையும். கடல் கொந்தளிக்கும், பாதை வழுக்கும். அந்த மாதங்களில் புராண படனம், பழைய பாட்டு, தையல், கதைசொல்லல் என்று உள்ளே இருந்து செய்பவற்றை வைத்துக்கொள்கிறோம். ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க மற்றவர் பயன் சொல்லுகிற கந்தபுராண படனத்துக்கு மழைக்காலத்தைவிடப் பொருத்தமான காலம் இல்லை.

கோணேசர் கோயிலுக்குப் போக ஆசைப்படாதவர் இல்லை. பிரெட்றிக் கோட்டை வாசலிலிருந்து சுவாமிமலைவரை ஏற்றம் உண்டு என்பதால் முழங்கால் வலி உள்ளவர்களை நடக்கவிடாமல் வாகனத்தில் கொண்டுபோக வேண்டும். கோயில்வரை போக இயலாதவர்கள் கோட்டைக்குள் மரநிழலில் மான்களைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வருவதிலும் மகிழ்கிறார்கள். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழிலும் வாளியால் அள்ளி வார்க்கத் துணைக்கு ஆள் தேவை. தரை ஈரமாக இருக்கும்.

8. பொழுதுபோக்குகளுக்குத் தனியாகக் காசு கேட்பார்களா?

இடத்துக்கு இடம் வேறுபடும். அன்றாட நிகழ்ச்சிகள் மாதக் கட்டணத்துள் அடங்க வேண்டும். தூரப் பயணங்களுக்கு வாகனச் செலவைப் பங்கிடுவது நியாயம். எது உள்ளடக்கம், எது மேலதிகம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அறுபது வயதானவர் பிரதேச செயலகத்தினூடாக முதியோர் அடையாள அட்டை பெற்றிருந்தால் பல இடங்களில் வரிசையில் முன்னுரிமை கிடைக்கும். கிராம சேவையாளர் பிரிவில் இயங்கும் முதியோர் சங்கத்திலும் அவர் தொடர்ந்து அங்கம் வகிக்கலாம்; குடியிருப்புக்கு வந்துவிட்டதால் அந்தக் கூட்டங்களை விட்டுவிட வேண்டியதில்லை.

9. பிள்ளைகள் எல்லாம் கனடாவிலும் இலண்டனிலும். கைப்பேசியில் பார்த்தால் போதாதா?

போதாது, ஆனால் ஒழுங்காகச் செய்தால் பெரிய ஆறுதல். நேர வித்தியாசத்தைக் கணக்கில் எடுங்கள். கோடையில் நம் பின்னேரம் ஆறு மணி ரொறன்ரோவில் காலை எட்டரை. இலண்டனில் மதியம் ஒன்றரை. குளிர்காலத்தில் இரு நகரங்களும் இன்னும் ஒரு மணி நேரம் பின்னால் போகும். "நேரம் கிடைக்கும்போது எடுக்கிறேன்" என்று சொன்ன மகனின் அழைப்புக்காகத் தகப்பன் கடற்கரை நடையையும் சீட்டையும் விட்டுவிட்டு நாள் முழுக்கக் கைப்பேசியின் பக்கத்தில் இருப்பார். ஞாயிறு ஆறு மணி என்று குறித்துவிட்டால் மற்ற ஆறு நாட்களும் அவருக்கு விடுதலை.

அழைப்பில் "சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா" என்பதோடு நிறுத்தாமல், இங்குள்ள நண்பர்களின் பெயரைத் தெரிந்துகொண்டு அவர்களைப் பற்றிக் கேளுங்கள். ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன்: வரும்போது அறைக்குள் மட்டும் இருந்து கதைத்துவிட்டுப் போகாமல் விறாந்தையிலும் இருங்கள்.

10. கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் ஊர் என்ன சொல்லும்?

ஊர் சொல்லத்தான் செய்யும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கக்கூடாது என்று பிள்ளைகளைப் பணிக்கிறது. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர் பராமரிப்புக் கோரி முறையிடவும் அதில் வழி உண்டு. குடியிருப்பில் வாழ்வது புறக்கணிப்பாகாது. சேர்த்துவிட்டு வராமல் இருப்பது புறக்கணிப்பு. வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு காலையில் பூட்டிவிட்டுப் போய் இரவில் திறப்பதும் என் பார்வையில் புறக்கணிப்புத்தான்.

அம்மாவோ அப்பாவோ தாமே இதைத் தெரிந்தெடுத்தாரா என்பதே தீர்க்கும் கேள்வி. முடிவு செய்துவிட்டு அறிவிப்பதும், முடிவு செய்யுமுன் கேட்பதும் வெவ்வேறு. உறவினர்களின் வாயை மூட எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவர்களை ஒரு பின்னேரம் தேநீருக்கு அழைத்து, பெரியவரைக் கொண்டே இடத்தைச் சுற்றிக் காட்டச் செய்வது.

11. அப்பாவுக்குக் காது மந்தம். கூட்டத்தில் இருந்தால் எரிந்து விழுகிறார்.

அவர் கோபக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். பாதி கேட்டுப் பாதி ஊகித்துக் களைத்துப் போயிருக்கிறார். மறதிநோயைத் தடுப்பது பற்றிய லான்செட் ஆணைக்குழு 2024இல் பட்டியலிட்ட, மாற்றக்கூடிய 14 காரணிகளுள் கேள்விக் குறைபாடும் சமூகத் தனிமையும் அடங்கும். இவ்விரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை. மாவட்டப் பொது வைத்தியசாலையில் காதைச் சோதிக்கச் செய்யுங்கள். வெறும் காதழுக்காகவும் இருக்கலாம். கேள்விக்கருவி கிடைத்தால் முதல் சில கிழமைகள் அமைதியான இடத்தில் இருவர் மட்டும் கதைக்கும்போது அணியப் பழக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் சுவருக்கு முதுகு காட்டி இருத்தினால் பின்னாலிருந்து வரும் இரைச்சல் குறையும். தாயமும் தோட்டமும் காது கேட்காதவருக்கும் இடம் கொடுப்பவை.

12. அம்மாவுக்கு மறதி தொடங்கிவிட்டது. மற்றவர்கள் ஒதுக்கிவிடுவார்களே?

மறதியின் தொடக்க நிலையில் இருப்பவருக்கு இங்கே நல்ல இடம் உண்டு; இரவில் எழுந்து வெளியே நடக்கத் தொடங்கிவிட்டால் தனிப் பராமரிப்பு தேவை என்பதையும் நேராகவே சொல்லிவிடுகிறோம். நேற்று நடந்தது மறந்தாலும் பழையது நிற்கும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் குண்டு போட்டதைத் தாய் சொல்லக் கேட்டவர்களும், 1957இல் ஆங்கிலேயர் கடற்படைத் தளத்தைக் கையளித்தபோது தகப்பனின் வேலை என்னவாகுமோ என்று வீட்டில் கதைத்ததை நினைவில் வைத்திருப்பவர்களும் இங்கே இருக்கிறார்கள். "உங்களுக்கு நினைவிருக்கிறதா?" என்று சோதனைபோலக் கேட்டால் அவர்கள் சுருங்கிப் போவார்கள். பழைய பித்தளைச் செம்பையோ பாடசாலைப் படத்தையோ கையில் கொடுத்துவிட்டுப் பொறுத்திருந்தால் கதை தானாக வரும். அதே கதை மறுநாளும் வரும். முதன்முறை கேட்பதுபோல் கேட்க வேண்டும். மற்றவர்கள் ஒதுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பயம். என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு விளக்கினால் பெரும்பாலானோர் பரிவோடு நடக்கிறார்கள்.

13. 2004க்குப் பிறகு அவர் கடற்கரைப் பக்கமே போவதில்லை. நீங்கள் கடலருகில் இருக்கிறீர்களே?

இக்கேள்வியை மெதுவான குரலில் கேட்பார்கள். ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்தவர்களுக்கும், 1964 டிசம்பர்ப் புயலைக் கண்டவர்களுக்கும் கடல் வெறும் காட்சியன்று. கடற்கரை நடைக்கு அவர்களை ஒருபோதும் வற்புறுத்துவதில்லை; அதே நேரத்தில் தோட்டத்தில் வேறொரு வேலை இருக்குமாறு பார்த்துக்கொள்கிறோம், இல்லாவிட்டால் எல்லோரும் போனபின் அவர் மட்டும் தனியே எஞ்சுவார். கடல் தெரியாத பக்கத்து அறையைக் கேட்டுப் பெறுங்கள். டிசம்பர் 26 காலையில் விளக்கேற்றி அமைதி காக்கும்போது, பேச விரும்புகிறவர் பேசலாம், விரும்பாதவர் இருக்கலாம். அன்று வேறு எந்த நிகழ்ச்சியும் வைப்பதில்லை. எச்சரிக்கை வந்தால் எப்படி வெளியேறுவது என்ற ஒத்திகையையும் நடத்த வேண்டும். வழி தெரிந்திருப்பது பயத்தைக் குறைக்கும்.

14. இந்த வயதிலும் சாதி பார்க்கிறார்கள், குழு பிரிகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை. எழுபது ஆண்டு பழகியதை வாசலில் கழற்றிவைத்துவிட்டு எவரும் வருவதில்லை. "அவர் எந்தப் பகுதி?" என்ற விசாரிப்பு முதற் கிழமையிலேயே வந்துவிடும். சாப்பாட்டு மேசையில் ஒருவர் அமர்ந்ததும் இன்னொருவர் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பியதும் இங்கு நடந்திருக்கிறது. அன்றிலிருந்து எவருக்கும் நிரந்தர இருக்கை கிடையாது. கோப்பையும் கிண்ணமும் எல்லோருக்கும் ஒன்றே. சமைப்பவர் யார் என்று கேட்பதற்கு இடமில்லை. மற்ற எல்லா விடயங்களிலும் நாங்கள் வளைந்துகொடுப்போம், இதில் மாட்டோம். ஏற்க இயலாதவர் வேறு இடம் பார்க்கலாம் என்று சேரும்போதே சொல்லிவிடுகிறோம்.

தொலைக்காட்சி, விசிறி, குளியலறை வரிசை பற்றிய சண்டைகள் இயல்பானவை. குடியிருப்பாளர் தெரிவுசெய்த குழுவே அவற்றைத் தீர்ப்பது நல்லது. நிர்வாகம் தீர்ப்புச் சொன்னால் தோற்றவர் மனதில் வைத்துக்கொள்வார்.

15. அம்மா அங்கே ஓர் ஐயாவோடு அதிகம் கதைக்கிறா என்று சொல்கிறார்கள். நாங்கள் தலையிட வேண்டுமா?

வேண்டாம். துணையை இழந்த இருவர் பின்னேரங்களில் சேர்ந்து நடப்பதும், ஒருவருக்கு வாங்கிய வாழைப்பழத்தில் மற்றவருக்கும் எடுத்துவைப்பதும் தலைகுனிய வேண்டிய காரியமன்று. அவர் உங்கள் தாய். அதோடு சுயபுத்தியுள்ள பெரியவர். சொத்தோ காசோ கைமாறுகிறது, அல்லது அவர் மனம் குழம்பிய நிலையில் இருக்கிறார் என்ற ஐயம் இருந்தால் மட்டும் பொறுப்பானவரோடு தனியே கதையுங்கள். வேறெதற்கும் சகோதரர்கள் கூடி வந்து விசாரணை வைக்க வேண்டியதில்லை. அப்படி வைத்தபின் அந்தத் தாய் விறாந்தைக்கு வருவதையே நிறுத்திவிட்டதை நான் கண்டிருக்கிறேன்.

16. ஒருவர் இறந்துவிட்டால் மற்றவர்கள் எப்படித் தாங்குகிறார்கள்?

மறைக்காமல் இருப்பதால் தாங்குகிறார்கள். இரவோடிரவாக உடலை எடுத்துச் சென்றுவிட்டு, காலையில் கதவு பூட்டியிருப்பதைக் கண்டு மற்றவர்கள் ஊகிக்குமாறு விடுவது கொடுமை. குடும்பத்தின் சம்மதத்தோடு உடலை ஒரு மணி நேரமாவது இங்கே வைத்து, விளக்கேற்றி, பூப்போட இடம் கொடுக்கிறோம். இயலக்கூடியவர்கள் செத்தவீட்டுக்கும், கன்னியாவில் அந்தியேட்டி செய்தால் அங்கும் போகிறார்கள். 304 மேசையில் ஒரு கதிரை வெறுமையானால் சில நாட்கள் ஆட்டம் நடக்காது. மீண்டும் எப்போது தொடங்குவது, நான்காவதாக யாரை அழைப்பது என்பதை அந்த மூவரே தீர்மானிக்க வேண்டும். நான் ஒருபோதும் ஆளைத் தேடிக் கொடுப்பதில்லை.

17. இடம் பார்க்க வரும்போது எதைப் பார்த்து முடிவு செய்வது? எல்லோரும் நிகழ்ச்சிப் பட்டியலைக் காட்டுகிறார்களே.

பட்டியலை எழுதியவர் யார் என்று கேளுங்கள். குடியிருப்பாளர்கள் தாங்களே தொடங்கி நடத்துகிற ஒரு காரியத்தையாவது காட்டச் சொல்லுங்கள். பின்னேரம் நான்கு மணியளவில், முன்னறிவித்தல் இல்லாமல் வாருங்கள். தொலைக்காட்சிக்கு முன் வரிசையாக இருத்தப்பட்டிருக்கிறார்களா, ஒருவரையொருவர் பார்த்து இருக்கிறார்களா என்பது உடனே தெரியும். பணியாளர்கள் பெரியவர்களை எப்படி அழைக்கிறார்கள் என்று கவனியுங்கள்: ரீச்சர், மாஸ்டர், ஐயா, அம்மா, மாமி என்று அழைக்கிறார்களா, அல்லது அறை இலக்கத்தைச் சொல்கிறார்களா? அவசரத்துக்கு 1990 இலவச நோயாளர் காவுவண்டியை அழைக்க எல்லோருக்கும் தெரியுமா என்றும் கேட்டுவையுங்கள்.

18. சேர்ந்து இரண்டு மாதம். "வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்கிறா. என்ன செய்வது?

முதலில் எந்த வீடு என்று கேளுங்கள். சில வேளைகளில் அவர் சொல்வது உங்கள் வீட்டையன்று. தாம் மணமுடித்து வந்த, இப்போது இல்லாத வீட்டை. அப்படியானால் ஒரு நாள் அந்த ஊருக்கு அழைத்துச் சென்று, கோயிலைக் கும்பிட்டு, அயலவரைக் கண்டு திரும்பி வருவது பெரும் மாறுதலைத் தரும். உணவு, பக்கத்து அறைக்காரர், இரவுத் தனிமை என்று தெளிவான காரணம் இருந்தால் அதைத் தீர்க்கலாம். 4ஆம் கேள்வியில் சொன்னபடி அவருக்கென்று ஒரு வேலை அமைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் செய்து, மூன்று மாதம் கடந்து, நல்ல தெளிவோடு அவர் அதையே சொன்னால் கூட்டிக்கொண்டு போங்கள். அதற்காகத்தான் முதல் ஆறு மாதத்துக்கு அவருடைய அறையை வாடகைக்கு விடாதீர்கள், கட்டிலையும் அலுமாரியையும் பிரித்துக் கொடுத்துவிடாதீர்கள் என்று சேர்க்க வருகிற ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்டுக்கொள்கிறோம். திரும்பிப் போனவர்களும் ஆடிப்பிறப்புக்கும் பொங்கலுக்கும் இங்கே வரலாம், வருகிறவர்களும் இருக்கிறார்கள்.